பெடலை மிதித்துவிட்டு நகரச் சொல்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் நலம். உன் முட்டிவலி எப்படி? ஈஸ்டருக்கு வந்தபோது அப்பாவின் டாக்சி ஹாரனில் பஞ்சை அடைத்தேனே, அவருக்கு அந்தக் கோபம் தணிந்ததா?

அப்பா தானே பிரேக் பேட் மாற்றப் போகிறார் என்றாய். போனில் சொன்னால், "இவன் வெளாட்டுக்குச் சொல்லுதான்" என்பார். அதனால்தான் எழுதுகிறேன். வாசித்துக் காட்டு.

புதுப் பேட் தடிமனானது. அது நுழைய, பேடைச் சக்கரத் தட்டோடு அழுத்துகிற காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். நேற்று எர்ணாவூர் பட்டறையில் அதை அழகாகச் செய்துவிட்டு வண்டியை எடுத்தேன். பெடல் தரைவரை போனது. பிஸ்டன் மறுபடி வெளியே வந்து பேடைத் தொட, முதலில் பலமுறை பெடலை மிதிக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்ததில், வண்டி பழைய டயர்க் குவியலுக்கு முத்தம் கொடுத்து நின்றது.

கூட வேலை செய்யும் வரதன் எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, டயரு மேல அவ்ளோ பாசமா?" என்றான். அடி ஒன்றும் இல்லை.

காலுக்கடியில் எதுவுமே தட்டுப்படாத அந்த நொடிதான் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. சாயங்காலம் அறைக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு நிற்பேன், அதுவும் அப்படித்தான்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே அப்பா வண்டியை நகர்த்தட்டும். மிதித்ததும் அவரையே போன் செய்யச் சொல். திட்டுவதற்காக என்றாலும் சரி.

வரதன் கூப்பிடுகிறான், போகிறேன்.

உன் ஜெரின்