வெள்ளைச் சட்டைக்கு எறிந்த பந்து

ஜூலை 9, புதன்

துவைக்கும் மெஷின் இன்றும் ஒற்றைக் காலுறையை விழுங்கிவிட்டது. ஜோடியாக விழுங்கினாலாவது கணக்கு நேராகும். ஒன்றைத் தின்று ஒன்றைத் துப்பும் இந்தக் கெட்ட புத்தி அதற்கு எங்கிருந்து வந்ததோ. என்னோடு இத்தனை வருஷம் பழகிய தோஷமாக இருக்கலாம்.

சனிக்கிழமை நட்புப் போட்டிகள் ஆரம்பம். சீசனுக்கு முன்னால் நான்கு கிளப்புகள் மோதுகின்றன. மூன்று வெளிநாட்டிலிருந்து வருகின்றன, நாங்கள் வீட்டுக்காரர்கள். நட்பு என்று பேர்தான், நட்பாக முடிந்து நான் பார்த்ததில்லை. கோப்பையைப் பற்றி எவனுக்கும் கவலை கிடையாது. கோச்சுகள்தான் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஆட்களை அழுத்திப் பார்ப்பார்கள். யார் இருக்கட்டும், யார் போகட்டும்?

எங்கள் புது கோச் நேற்றே சொல்லிவிட்டார்: கோல் கீப்பருக்கு ஒரே இடம். ஆள் இரண்டு. ஒருவன் என் மனைவியின் தம்பி. பத்து வருஷமாக எங்கள் கீப்பர், ரசிகர்கள் வைத்த பேர் சுவர். முப்பத்தாறு ஆகிவிட்டது, சுவரில் லேசாகக் காரை பெயர்கிறது. இன்னொருவன் சோதனைக்கு வந்திருப்பவன். எலும்பும் தோலும், ஆனால் பறக்கிறான். அவனுக்குக் குருவி என்று பேர் வைத்தது நான்தான். சோதனைக்கு வந்தவன் சட்டை முதுகில் பேர் இருக்காது, அது வழக்கம். கோச் சரி என்றால் சூடான மெஷினில் வைத்துப் பேரை நான் ஒட்டுவேன். கிளப்பின் துணிமணி எல்லாம் என் பொறுப்பு. பசங்கள் என்னைப் 'பெட்டி' என்பார்கள். பெட்டி கட்டுவதாலா, என் உடம்பைப் பார்த்தா என்று நான் கேட்டதில்லை.

சாப்பிடும்போது மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்த வருஷமும் தம்பி பேரை ஒட்டிருவீங்கல்ல?"

"நான் ஒட்டறவன்மா. எழுதறவர் மேல இருக்கார்."

"யாரு, கடவுளா?"

"அவரு கோச்சுக்கு ஒரு படி கீழே."

அவள் சிரிக்கவில்லை. சுவர் குடியிருப்பது எங்கள் மாடியில். இதை எழுதும்போது அவனுடைய இரண்டு பெண்களும் மேலே பந்து உதைக்கிறார்கள். என் நோட்டில் சுண்ணாம்பு உதிர்கிறது.

ஜூலை 11, வெள்ளி

நாளை எங்களோடு ஆட வேண்டிய கிளப் வந்து இறங்கியது. ஆள் வந்தார்கள், பெட்டிகள் வரவில்லை. விமானம் அவற்றை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டதாம்.

அவர்களுடைய 'பெட்டி', தாடி வைத்த மலை மாதிரி ஒரு மனுஷர், என் துணி அறைக்கு வந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. கையை விமானமாக்கிப் பறக்கவிட்டார், தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார், பிறகு அழுவது போல நடித்தார். நடிப்பு பாதிதான்.

எங்கள் சட்டை கருஞ்சிவப்பு. வெளியூர் ஆட்டத்துக்கு வெள்ளை போட்டுக்கொண்டிருந்தோம். போன வருஷம் கிளப் அதை மஞ்சளாக மாற்றியதால் பழைய வெள்ளைகள் பயிற்சிக்கு வந்துவிட்டன. தினமும் பயிற்சியில் முதல் அணிக்கு வெள்ளை, எதிரே ஆடுகிறவர்களுக்குக் கருஞ்சிவப்பு. அந்த வெள்ளைகளைத்தான் தூக்கிக் கொடுத்தேன். கிளப் சின்னத்தின் மேல் டேப் ஒட்டியும் கொடுத்தேன். தாடிக்காரர் கட்டிப் பிடித்ததில் என் முதுகெலும்பு இரண்டு இடத்தில் சத்தம் போட்டது.

கர்ணனுக்கு அடுத்து நான்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மடையன்.

ஜூலை 12, சனி

எழுத முடியல.

ஜூலை 13, ஞாயிறு

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரம். சுவர் கார்னர் பந்தைக் காற்றிலேயே பறித்தான். அழகு, அரங்கமே எழுந்து நின்றது. உடனே வலது பக்கம் ஓடியவனுக்கு ஒரே வீச்சு. பத்து வருஷம் பார்த்த வீச்சு. பந்து நேராகக் காலில் போய் விழுந்தது.

வெள்ளைச் சட்டைக்காரன் காலில்.

அந்தப் பையனே ஒரு நொடி திகைத்தான். பிறகு காலிக் கோலில் மெல்லத் தட்டிவிட்டான், ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அரங்கம் சிரித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சுவர் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பெஞ்சுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி நின்றேன். அது வழிந்து என் செருப்புக்குள் போனதுகூடத் தெரியவில்லை.

தினமும் காலையில் வெள்ளைக்கு எறிந்து பழகிய கை அது. அந்த வெள்ளையை எதிராளிக்குப் போட்டுவிட்டது யாரு? கர்ணப் பிரபு.

ஜூலை 14, திங்கள்

மனைவி பேசவில்லை. காபி டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறாள். மாடியிலும் பந்துச் சத்தம் இல்லை.

பயிற்சி மைதானத்தில் கோச் குருவியின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டு போனார். மேனேஜர் என்னிடம் கிசுகிசுத்தார்: "உங்க மச்சானுக்குக் கண்ணு போயிருச்சுன்னு கோச் நினைக்கிறாருய்யா."

கண்ணு போகலய்யா! பழக்கம்யா அது! எவனா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பான்!

வாயைத் திறந்து சொன்னேனா? இல்லை. காலுறை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன். ஆனால் எண்ணும்போதே ஒரு திருட்டு யோசனை வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

செய்துவிட்டேன்.

தாடிக்காரர் வெள்ளைகளைத் திருப்பிக் கொடுத்திருந்தார், துவைத்து, என்னைவிட நன்றாக மடித்து. காலையில் எல்லோரும் வருவதற்கு முன்னால் பெஞ்சுகளில் இடம் மாற்றிப் போட்டேன். முதல் அணிக்குக் கருஞ்சிவப்பு, எதிரணிக்கு வெள்ளை. யாரிடமும் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் எவனும் கேட்கவுமில்லை. போட்டுக்கொண்டு போனார்கள்.

பிறகு பார்க்கணுமே! கேப்டன் வெள்ளைக்குப் பாஸ் கொடுத்தான். கோச்சின் செல்லப்பிள்ளையான நடு ஆட்டக்காரன் இரண்டு முறை கொடுத்தான். ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொண்டார்கள். நான் வேலி ஓரம் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அது நடந்தது. எதிரணிக்குக் கீப்பர் குருவி. வந்த நாளிலிருந்து அவனுக்கு நம்மாள் என்றால் கருஞ்சிவப்பு. பந்தைப் பிடித்தான், பார்த்தான், எறிந்தான், கருஞ்சிவப்புக்கு. கோல்.

கோச் விசில் ஊதினார். "சட்டை வச்சது யாரு?"

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்படித் தூக்கியது இன்றுதான். அவர் நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

என்ன எழுதினார்? என் கதையா, சுவர் கதையா, குருவி கதையா? குருவி அந்தப் பேரில்லாத சட்டையோடு கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகம் — அதை நான் யோசனையில் சேர்த்துக்கொள்ளவே இல்லையே.

ஜூலை 16, புதன்

சுவர் மாடியிலிருந்து இறங்கி வந்தான். உட்காரவில்லை.

"மாமா, யார் கேட்டா உங்களை?"

"உனக்காகத்தான்டா மாப்ளே, அந்தாளுக்குப் புரியணும்ல..."

"என்ன புரியணும்? நான் தப்புப் பண்ணேன். ஊர் சிரிச்சது. அது என்னோட. அந்தப் பையன் என்ன பண்ணான் உங்களுக்கு? அவன் அம்மா தினம் போன் பண்ணி 'பேரு ஒட்டியாச்சாடா'ன்னு கேக்கறாங்களாம். உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

என்னிடம் பதிலுக்கு ஒரு ஜோக் இருந்தது. நல்லவேளை, மென்று விழுங்கினேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் வார்த்தை: "வேணும் உங்களுக்கு." இரண்டு வார்த்தை.

ஜூலை 18, வெள்ளி

மேனேஜர் சொன்னார், நாளை மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நான் மைதானத்துப் பக்கம் வரக்கூடாது. துணி அறையிலேயே இருக்கணும். கோச் உத்தரவு. முதல் பாதி குருவி, இரண்டாம் பாதி சுவர். அதோடு முடிவு.

ஜூலை 19, சனி

துணி அறையில் கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். ஸ்டூல் மேல் ஏறினாலும் எனக்கு எட்டாது. ஆக, ஆட்டத்தைக் காதால் பார்த்தேன். கூட்டம் 'ஆ' என்றால் எந்தப் பக்கத்து ஆ? 'ஓ' என்றால் உள்ளேயா, வெளியேயா? மெஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு கதவு திறந்தது. குருவி. வியர்வைச் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டவன் போகவில்லை. ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஸ்டூல் மேல் ஏறினான்.

"சொல்லவாண்ணே?"

"நீ எனக்கு எதுக்குடா சொல்லணும்?"

"உங்க மச்சான் எனக்காகக் கோச்கிட்ட பேசினாருண்ணே. அந்தப் பையன் தப்பு எங்க மாமா வேலை, அதைக் கணக்குல வைக்காதீங்கன்னு."

நான் கூடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். குருவி சொல்லச் சொல்லக் கேட்டேன். சுவர் ஒரு உதையைத் தடுத்தான். ஒன்று கம்பத்தில் பட்டது. ஒன்றுக்கு ஒன்று. வெளியே ஒரு சத்தம் எழுந்தது, முதலில் கொஞ்சம் பேர், பிறகு அரங்கம் முழுக்க, சுவரைக் கேலி செய்து.

"வெள்ளை! வெள்ளை! வெள்ளை!"

"என்னடா?"

"கார்னர்ண்ணே. பிடிச்சிட்டாரு. கையைத் தூக்கிட்டாரு... எறியப் போறாரு..."

சத்தம் நின்றது. எனக்கு மூச்சும்.

"எறியல. நிக்கறாரு. பாக்கறாரு. அட, கூட்டத்தைப் பாத்துக் குனிஞ்சு கும்பிடறாருண்ணே! இப்ப உருட்டி விட்டாரு. நம்மாளுக்கு. நம்மாளுக்குத்தான்!"

கூட்டம் சிரித்தது. ஆனால் போன சனிக்கிழமைச் சிரிப்பு வேறு, இது வேறு. அதன் பின்னால் கைதட்டல் வந்தது. குருவியும் ஸ்டூல் மேல் நின்றபடியே தட்டினான். பனியனோடு, பேரில்லாத முதுகோடு.

ஜூலை 21, திங்கள்

கோச் துணி அறைக்கு வந்து ஒரு பேரைச் சொன்னார். மெஷினைச் சூடாக்கினேன்.

கோணலாக ஒட்டலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். சத்தியமாக ஒரே நொடிதான். நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டினேன். குருவி சட்டையை வாங்கி முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வெளியே ஓடினான். அம்மாவுக்குப் போனாக இருக்கும்.

கோச் போகும்போது சொன்னார்: "இனிமே தினம் சட்டையை மாத்தி வை. யாருக்கு எதுன்னு எனக்கும் சொல்லாத." பாராட்டா, தண்டனையா? இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சாப்பாடு போட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

நாளை சீசனின் முதல் ஆட்டம். பெட்டி கட்டி முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். நோட்டில் சுண்ணாம்பு உதிரவில்லை. மாடி காலி, சுவர் குடும்பத்தோடு வேறு ஊரில் ஒரு சின்ன கிளப்புக்குப் போய்விட்டான். பெண்களுக்கு அங்கேயே பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டதாம். எங்கள் கோச்சே அந்தச் சின்ன கிளப்புக்குப் போன் போட்டுச் சொன்னாராம். என்னிடம் மூச்சு விடவில்லை, அமுக்குணி மனுஷன்.

சாயங்காலம் சுவரிடமிருந்து போன் வந்தது. அங்கே இன்று முதல் ஆட்டம். மூன்று வாரத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்டானாம். மனைவி போனை நீட்டினாள், காதை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சியாடா?"

"ஜெயிச்சோம் மாமா. ஒரு விஷயம் சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்த ஊர்ல நம்ம கலரே வெள்ளைதான்."

நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் காதை வைத்திருந்தவள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாத்து எறிடா," என்றேன்.

"இங்க பாக்கவே வேணாம் மாமா."