ஊதிப் பார்க்கச் சொன்ன மாதிரிக் கேள்வி

கண்ணு மீனா,

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் விளக்கேற்றி முடித்தபோது வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த உன் அண்ணன், கைப்பேசியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த என் மகள் யாழினி, தலைக்குப் பூ கொடுக்க வந்த எதிர்வீட்டுச் செல்வி அக்கா. ஐந்தாவதாக நீயும் அங்கே இருந்தாய் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"அம்மா, நான் போட்டது தப்புன்னு வருது" என்றாள் யாழினி.

அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. வாரம் ஒரு தரம் வீட்டுப்பாடம் கைப்பேசிக்கு வருகிறது. டீச்சர் கேள்வியை எழுதி, எது சரியான விடை என்று குறித்து அனுப்புகிறார். பிள்ளை ஒரு விடையைத் தொட்டால் சரியா தப்பா என்று அதுவே சொல்லிவிடும். நீ வேலை பார்த்த கம்பெனியின் மென்பொருள்தான். எப்படிக் கேள்வி போடுவது என்று டீச்சர்மாருக்குச் சொல்லிக்கொடுக்க நீ கையேடு எழுதி, வீடியோவில் பேசினாயே, அதே மென்பொருள்.

வாங்கிப் பார்த்தேன். 'கொளுத்திய வெடி வெடிக்கவில்லை. நீ என்ன செய்வாய்?' கீழே இரண்டு விடைகள். 'தள்ளியே நின்று பெரியவர்களைக் கூப்பிடுவேன்' என்பதைப் பிள்ளை தொட்டிருந்தாள். அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. சரியான விடை என்று பச்சையில் வந்திருந்தது இது: 'கிட்டப் போய் ஊதிப் பார்ப்பேன்.'

"அப்ப ஊதித்தான் பாக்கணுமாம்மா?"

என் மகள் கேட்டாள், மீனா. சிவகாசியில் பிறந்த பிள்ளை கேட்டாள். டீச்சர் அனுப்பியது தப்பாக இருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. தனக்குத் தெரிந்ததுதான் தப்போ என்று நினைத்துவிட்டாள்.

செல்வி அக்கா நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். எட்டிப் பார்த்தவர் பூவைத் தரையில் வைத்துவிட்டார். "எவம்மா இத எழுதுனது? அந்தக் கையில கொள்ளிய வைக்க. நம்ம ஊருப் புள்ளைகளுக்கே சந்தேகம் வருதுன்னா வெளியூர்ப் புள்ள என்ன செய்யும்? போய் ஊதும்ல. மூஞ்சி இருக்குமா?"

திட்டிக்கொண்டே அவர் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். 'கிட்டப் போய்' என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்வி எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு ஆடி மாதமே கொள்ளி வைத்தாயிற்று என்று அக்காவிடம் எப்படிச் சொல்வேன்?

நீ என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் எழுதுவாய். எட்டாவதோடு நின்றவள் நான். வீட்டு வரவு செலவு எழுதி எழுதி நானாகப் படிப்பை வளர்த்துக்கொண்டதில் உனக்கு என்னமோ பெருமை. "மதினி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இதப் படிச்சுட்டு நீங்களே ஒரு கேள்வி போடுங்க" என்று மடிக்கணினியை என் பக்கம் தள்ளுவாய். நான் எங்கே முழிக்கிறேனோ அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாய். 'வலது பக்கப் பொத்தானை அழுத்தவும்' என்று இருந்தது ஒருநாள். "எனக்கு வலதா, பெட்டிக்கு வலதா?" என்று கேட்டேன். "பெட்டிக்கு ஏது மதினி கையி?" என்று சிரித்தாய். அப்புறம் படம் பிடித்து அம்புக்குறி போட்டாய்.

'அருகில் சென்று ஊதிப் பார்ப்பேன்' என்றுதான் முதலில் எழுதியிருந்தாய். "யாரு இப்படிப் பேசுவா? கிட்டப் போய்னு போடு" என்றேன். போட்டாய்.

"இந்தக் கேள்வி எதுக்கு?" என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் விடை தெரிஞ்ச கேள்வியா இருக்கணும் மதினி. அப்பத்தான் கவனம் கேள்வில போகாது, பொத்தான்ல போகும்" என்றாய். வீடியோவில் நீயே தெரியாமல் செய்வது போலத் தப்பான விடையைக் குறித்து, பிள்ளைகளுக்கு அனுப்பியும் காட்டுவாய். அடுத்த நிமிஷம், "அடடா, தப்பைக் குறித்துவிட்டோமே. பயப்பட வேண்டாம், அனுப்பிய பிறகும் திருத்தலாம்" என்று திருத்திக் காட்டுவாய். முதல் தரம் பார்த்தபோது நான் நிஜமாகவே பதறினேன். "நீங்க பதறுனீகள்ல, டீச்சருக பதறி நிமிந்து உக்காருவாக பாருங்க" என்று உனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அப்படியிருக்க இது எப்படி வந்தது? டீச்சரைக் கூப்பிட்டேன்.

"வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்து அப்படியே தட்டுனேங்க. பச்சை டிக்கு எங்க வருதுன்னு பாத்தேன். எதுக்கு டிக்கு வச்சேன்னு பாக்கலங்க" என்றார். "இந்தா இப்பவே அழிச்சுர்றேன். ஆனா எங்க குரூப்புல இன்னும் சில பேரு இதையேதான் போட்டிருக்காங்க. வேற மாவட்டத்து டீச்சரும் இருக்காங்க."

அந்த வீடியோவை நானே திறந்தேன். நீ பேசுகிறாய், கேள்வி எழுதுகிறாய், தப்பைக் குறிக்கிறாய், அனுப்புகிறாய். "முடிந்தது" என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. நீ போன பிறகு, நீளமாக இருக்கிறது என்று யாரோ அதை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். 'அடடா' இரண்டாவது துண்டில் இருக்கிறது. முதல் துண்டோடு வேலை முடிந்தவர்கள் அதை ஏன் பார்க்கப்போகிறார்கள்?

உன் அண்ணன், "டீச்சர் அழிச்சுட்டாகள்ல. அத்தோட விடு" என்றார்.

"மத்த டீச்சருக?"

"அவுக பாத்துக்கிருவாக. நாம போயி, எங்க வீட்டுப் புள்ள எழுதுன கேள்விதான்னு ஊரெல்லாம் சொல்லணுமா? செத்தவ பேரு கெடணுமா? வெட்டுனவன் தப்புக்கு இவளா ஆளு?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீ தப்பாகச் சொல்லவில்லை; உன்னைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? தெருவில் இப்போதே பிள்ளைகள் வெடி கொளுத்துகின்றன. நான் எழுந்ததைப் பார்த்துவிட்டு, "அப்ப காலைல மாரியாத்தா கோயில்ல பூக்கட்டிப் போட்டுக் கேப்போம். வெள்ளப் பூ வந்தா சொல்லு, செவப்பு வந்தா விட்ரு" என்றார்.

எந்த நல்லது கெட்டதுக்கும் பூப்போட்டுக் கேட்காமல் நான் ஓரடி வைத்ததில்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளைக கண்ணு முழியக் காப்பாத்தவான்னு ஆத்தாகிட்ட போயிக் கேக்கணுமாங்க? அவ என்ன சொல்லுவான்னு நமக்குத் தெரியாதா?" என்றேன். அவர் உன் படத்தைப் பார்த்தார். பிறகு அவரேதான் கம்பெனி நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கம்பெனியில் உன்னோடு வேலை பார்த்த அம்மா எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "இரண்டு துண்டையும் இப்போதே எடுத்துவிடுகிறேன். அந்தக் கேள்வியைப் போட்ட எல்லா ஆசிரியர்களுக்கும் செய்தி அனுப்புகிறேன்" என்றார். அன்று ராத்திரியே எடுத்துவிட்டார். உன் குரல் உள்ள அந்த வீடியோவை ஒரு நகல் எடுத்து எங்களுக்கு அனுப்பியும் வைத்தார். ஆனால் புது வீடியோ வேண்டும், பேச ஆள் இல்லை என்றார். நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் செல்வி அக்கா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி உண்மையைச் சொன்னேன். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"மீனாவா? நம்ம மீனாவா?" என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, நான் என்னத்தையெல்லாம் சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, மொதல்ல அத எல்லா எடத்துலயும் நிப்பாட்டு. அழுகறத அப்புறம் ரெண்டு பேரும் சேந்து அழுவோம். எனக்கு வண்டி வந்துரும்" என்று போனார்.

அதனால்தான் உனக்கு எழுதுவதை ஊரறிய எழுதுகிறேன். படிக்கிறவர்களில் டீச்சர்மார் இருந்தால், பிள்ளைகளுக்கு அனுப்பியதை ஒரு தரம் திறந்து பார்க்கட்டும். அதை எழுதியது எங்கள் வீட்டுப் பிள்ளை. அவள் திருத்திக்காட்டத்தான் இருந்தாள். அதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மீனா. நான் பேசும் எந்தப் பாடத்திலும், பாதியில் வெட்டினாலும் ஒரு பிள்ளைக்கும் காயம் வராத கேள்வியைத்தான் மாதிரிக்கு வைப்பேன்.

இப்படி ஒன்று யோசித்திருக்கிறேன். 'எண்ணெயில் பொரித்த புரோட்டாவுக்குப் பேர்போன ஊர் எது?' விருதுநகரா, ஊட்டியா? ஊட்டி என்று தப்பாகக் குறித்துவிட்டு அப்புறம் திருத்துவேன். யாராவது பாதியில் நிறுத்தினால் விருதுநகர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவுதான்.

இது போதுமா, இல்லை இன்னும் எளிதாக வேண்டுமா? புதன்கிழமை பேச வேண்டும். கனவில் வந்தாவது சீக்கிரம் பதில் சொல்லு.

உன் மதினி,
பாக்கியம்