எல்லாருக்கும் ஒரே பட்டியல்

மச்சான்,

இன்று மத்தியானம் அந்த வரியை மறுபடி பார்த்தேன். கிளினிக் புரோகிராமில், நோயாளிக்கான கிளாஸின் தலையிலேயே, எல்லாருக்கும் பொதுவாக, ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பட்டியல். அவசரத்தில் நானே எழுதியது. மூன்று நாளாகச் செமோர் ஊர் கிளினிக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் தடவை இதே தப்பைச் செய்தபோது நீ பக்கத்து நாற்காலியில் இருந்தாய். ஈப்போவில் நம் சின்ன ஆபீஸ். சோதித்துப் பார்க்க உன் பெயரையே பதிந்து, பென்சிலின் ஆகாது என்று போட்டாய். உனக்கு நிஜமாகவே ஆகாது. நான் இன்னொரு நோயாளியைத் திறந்தேன், அவருக்கும் பென்சிலின் ஆகாது என்று வந்தது. பழைய குப்பை என்று நினைத்து அழித்தேன். உன் பதிவிலும் காணோம்.

"என்னையக் கொன்னுட்டியேடா," என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் நீயே விளக்கினாய்.

"கிளாஸ்னா வீட்டு பிளான்லா. தோட்டத்து லயத்துல எல்லா வீடும் ஒரே பிளான்தான். அதுக்காக அத்தன வீட்டுக்கும் ஒரே தண்ணித் தோங்கா? அவனவன் தோங் அவனவன் வீட்டுக்குள்ள இருக்கணும்."

ஒவ்வொரு நோயாளியின் பதிவும் உருவாகிற இடத்துக்குள் பட்டியலை நகர்த்தினாய். "இதான் இன்ஸ்டன்ஸ் வேரியபிள். இப்ப ஆளுக்கொரு லிஸ்ட்டு, ஒருத்தனோடத அழிச்சா இன்னொருத்தனோடது போகாது."

ஆனால் அன்று காலையே ஒரு கிளினிக்கில் அந்தத் தப்பான புரோகிராமைப் போட்டுவிட்டிருந்தோம். சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றேன், வேலை போய்விடுமே என்ற பயத்தில். நீ உடனே அந்தக் கிளினிக் டாக்டருக்குப் போன் போட்டுத் தப்பைச் சொன்னாய். உன் குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டேன். அதற்குமுன் உனக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம். இன்று வரியைத் திருத்த இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று நாளில் யாருடைய பதிவில் எது அழிந்தது என்பதை மட்டும் அந்தத் திருத்தம் சொல்லாது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசு ஓதியது. அதைக் கேட்டுத்தான் இன்னும் பயந்தேன். கிளினிக்குக்குப் போன் போட்டேன், நர்ஸ் அக்கா எடுத்தார்.

"அக்கா, ஊசி போடுறதுக்கு முன்னால எந்த மருந்து ஆகாதுன்னு நோயாளிங்ககிட்டயே கேட்டுக்குங்க. கம்ப்யூட்டர நம்பாதீங்க. தப்பு என்னோடதுதான்."

"ஐயோ தம்பி, இந்த மூணு நாள்ல நாலு பேருக்குப் போட்டாச்சே."

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடுங்கும் குரல்தான். அதை வைத்துக்கொண்டுதான் அக்காவிடம் நம்பர் வாங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூன்று பேர் நன்றாக இருக்கிறார்கள். நான்காவது ஆள் போனை எடுக்கவில்லை. அக்கா வீடு தேடிப் போயிருக்கிறார். அவர் கூப்பிடும்வரை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.