கூழைக்கடா பார்த்த நாள்

அன்புள்ள கண்ணு,

நேற்று விடுமுறை. உன் தங்கையைச் சிங்காநல்லூர் குளத்துக்குக் கூட்டிப்போனேன். கூழைக்கடா ஒன்று பைபோன்ற அலகில் மீனை அள்ளியதைப் பார்த்துக் கைதட்டினாள். சின்ன வயதில் நீ எத்தனை முறை கேட்டாய்! ஒருநாளும் உன்னைக் கூட்டிப்போகவில்லை.

வன அருங்காட்சியகமும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் பீளமேட்டில் உன் விடுதிக்கு எதிரே நின்றது.

"அக்கா இங்கதானே இருக்காங்க? எறங்கிப் பாக்கலாமுங்கப்பா," என்றாள்.

"அக்காவுக்குப் பரீட்சை, அம்மணி," என்று பொய் சொன்னேன். அவள் அம்மாவை நான் மறுமணம் செய்ததிலிருந்து என்னோடு பேசாத உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

இன்று காலை அவள் சாமி படத்தின் முன் நின்று, "அக்கா நல்லா எழுதோணும்," என்று வேண்டினாள். தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்ப அக்காவுக்கு என்னையப் புடிக்காதுங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் நிற்பேன். என்னைத் திட்டவாவது வெளியே வா.

அப்பா