உன் வலது கால்

இன்று காலை அறுவை வார்டில் ஒருவரின் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். இனிப்பும் அழுகலும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், அண்ணா.

சுரக்குடிக்காரர். வயலில் முள் குத்திய சின்னப் புண்தான். சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு. ஆனால் போர்வை பட்டாலே அலறினார். டாக்டரம்மாவை உடனே வரச் சொன்னேன்.

உனக்கும் அப்படித்தான் தொடங்கியது. வரிச்சிக்குடியில் அறுவடை மெஷினைக் கழுவும்போது தகடு வலது காலில் கிழித்த கீறல். உனக்குச் சர்க்கரை வேறு. மறுநாள் காய்ச்சல். கிளினிக்கில் ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. நான் நர்ஸாக இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கே உன்னை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம்.

"மேல ஒண்ணுமே தெரியல பாப்பா, உள்ளதான் கொதிக்குது" என்றாய்.

டாக்டரம்மா சிவப்பின் ஓரமாகப் பேனாவால் கோடு போட்டார். கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. தோல் கருநீலமாகிக் கொப்புளம் எழுந்தது. அழுத்தினால் உள்ளே நறநறத்தது.

"கிருமி தோலுக்குக் கீழ சதையைத் தின்னுக்கிட்டே போவுது. மருந்து மட்டும் பத்தாது. செத்த சதையை இப்பவே வெட்டி எடுக்கணும். ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்க முடியாதுங்க."

"என் காலு?" என்று கேட்டாய்.

"முதல்ல உசுரைப் பாப்போங்க."

முழங்கால் வரை திறந்து சுத்தம் செய்தார்கள். மறுநாள் மறுபடி திறந்தபோது அது மேலே ஏறியிருந்தது. காலையே எடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணி கையெழுத்துப் போட மனமில்லாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நீதான் கூப்பிட்டாய்.

"போட்டுரு. ஒத்தக் காலோட வந்தா புருசன் இல்லன்னு சொல்லிருவியா?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார் அண்ணி. போட்டுக்கொடுத்தார்.

கால் போயிற்று. விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்திருந்தது. சிறுநீர் நின்றது. பிரஷர் ஏறவே இல்லை. நீயும் போய்விட்டாய். மாதா கோயில் கல்லறைக்குக் கொண்டுபோகும் முன், பெட்டிக்குள் உன்மேல் போர்த்திய துணி வலப்பக்கம் தட்டையாகக் கிடந்தது. அண்ணி தன் சேலை இரண்டை மடித்து அதன் அடியில் வைத்து மேடாக்கினார்.

இன்று அந்தச் சுரக்குடிக்காரரின் மனைவியும் தயங்கினார். "முள்ளு குத்துனதுக்குப் போயி ஆபரேசனாம்மா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றோம்."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க அண்ணனுக்கும் இதே வியாதிதாங்க வந்துச்சு. பாக்கச் சின்னதாத்தான் இருக்கும். வீட்டுக்குப் போனா திரும்பக் கொண்டாரக்கூட நேரம் இருக்காது."

அவர் என் முகத்தையே பார்த்தார். "இப்ப எப்படி இருக்காரு உங்க அண்ணன்?"

"நல்லாருக்காருங்க" என்றேன்.

சம்மதித்தார். கணவரைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைப்பாரா, கால் மிஞ்சுமா, இன்னும் தெரியாது.

இப்படி வந்து தயங்குகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அண்ணா. அவர்களுக்கெல்லாம் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய்.