பின்னால் தண்ணீர்

டூநக்ரா,
நவம்பர் 19

அன்பு நண்பன் ஃபின்டனுக்கு,

டர்லோ எழுதுவது. இங்கே நானும் அட்ராக்டாவும் நலம். அவளுடைய முழங்கால் வலி மழையோடு வந்து மழையோடு போகும் என்கிறார் மருத்துவர். நம் ஊர் மழை என்றைக்குப் போயிருக்கிறது?

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. தூண்டில் கோல்கள் இரண்டையும் விற்றுவிடச் சொல்லியிருக்கிறாய். ஆஸ்திரேலியாவிலேயே, பெர்த்தில் மகள் ஓர்லாவோடு இருந்துவிடப் போவதாகவும், இனி ஊருக்கு வரப்போவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். கோல்கள் என் கொட்டகையில் இருக்கின்றன. நான் விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை.

அதற்கடுத்த வரிகள்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன. கார் ஓட்டுவதை விட்டுவிட்டாயாம். தெருவைக் கடப்பதற்கும் ஓர்லாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாயாம். வயதுக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று அங்குள்ள மருத்துவர் சொல்லியும் நீ நம்பவில்லை. "மெஷினுக்கு என்ன தெரியும், டர்லோ தொண்டை கிழியக் கத்தினதே எனக்குக் கேக்கலியே" என்று அவரிடமே சொன்னாயாம்.

இந்த வருடம் புயலுக்குப் பிறகு தட்டைமீன் நன்றாகவே வருகிறது. போன ஞாயிறு இரைக்கு மணற்புழு தோண்டிக்கொண்டு ஆறு பேர் போனோம். புதிதாகச் சேர்ந்த ஒருவன் தூர தூரமாக வீசிக்கொண்டிருந்தான். நம் தூண்டில் சங்கத்து மலாக்கி சும்மா இருப்பானா? "மீனு உன் கெண்டைக்கால் தண்ணியில படுத்துக் கெடக்கு. நீ என்னடான்னா அமெரிக்காவுக்கு வீசுற. இங்க ஒருத்தன் இருந்தான், ஃபின்டன்னு, அவனும் உன்ன மாதிரிதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து அறுபத்தைந்து வயதுக்கு மேல் யாரையும் மணல்திட்டுக்கு விடுவதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் போடப்போகிறார்கள். காரணம் என்று உன் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறான் மலாக்கி.

நீ தண்ணீரில் மாட்டிக்கொண்ட அன்றைய போட்டியில் எனக்குக் கிடைத்த கோப்பையை அட்ராக்டா கணப்படுப்பின் மேல் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை தோறும் துடைக்கிறாள். கொட்டகையில் வைக்கலாம் என்றேன். "முப்பது வருஷத்துல மொத தடவ ஜெயிச்சிருக்க, அதையும் ஒளிச்சு வைக்கணுமா?" என்றாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

ஃபின்டன், நம் வழக்கம் உனக்குத் தெரியும். இரண்டிரண்டு பேராக நிற்போம். திட்டில் நிற்பவன் கடலைப் பார்க்க வேண்டும். கரையில் நிற்பவன் இடையிலுள்ள பள்ளத்தைப் பார்க்க வேண்டும். அதில் கடல் ஓதத்தின் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் "பின்னால தண்ணி" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்துவிட்டால் இருவருமே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்குமேல் பிடிக்கும் மீன் கணக்கில் சேராது.

அன்று பள்ளத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தேன். அதே நேரத்தில் என் கோல் நுனி மெல்லத் தலையாட்டியது. தட்டைமீன் எப்படிக் கடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது இரையை விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஒரு நிமிடம். நாற்பத்தொரு சென்டிமீட்டர் மீன் அது. அதை மணலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது நீ மார்பளவு தண்ணீரில் தடுமாறிக்கொண்டிருந்தாய்.

மலாக்கி ஓடிவந்து கேட்டபோது, "மூணு தடவ கத்தினேன், அவனுக்குக் கேக்கல" என்று வாயில் வந்துவிட்டது. மருத்துவமனையில் உன்னிடமும் அதையே சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "காது போச்சுடா டர்லோ, உன்ன வேற பயமுறுத்திட்டேன், மன்னிச்சிரு" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோழை நான், சொல்லவில்லை.

நான் கத்தவே இல்லை, ஃபின்டன். ஒரு தடவைகூட இல்லை. உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை எழுதி உறையில் போட்டதும் கோப்பையை எடுத்துக்கொண்டு மலாக்கி வீட்டுக்குப் போகிறேன். அட்ராக்டாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

நீயும் பேசாமல் இருந்துகொள், அது உன் உரிமை. ஊருக்கு வந்தாலும் என் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டாம். கோல்களைக் கொட்டகைக்கு வெளியே சாய்த்து வைக்கிறேன், எடுத்துக்கொள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை ஓர்லாவிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டு. உன்னை எனக்குத் தெரியும். என் மானத்தைக் காப்பாற்ற அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிப்பாய். விடாதே, ஃபின்டன். நாளைக்குத் தெருவைக் கடக்கும்போது அவள் உன் கையை விட வேண்டும்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன்,
டர்லோ