உன் குளத்து இறால் செத்த விதம்

மகன் நௌஃபருக்கு, எத்தாளையிலிருந்து வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஃபஸ்னாவும் சுகமாக இருக்கிறோம், உன் இறால்களைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். கட்டாரில் நீயும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன், முறைக்காகச் செய்யவில்லை, உண்மையாகவே செய்கிறேன், இந்தக் கடிதத்தைக் கடைசி வரை வாசிக்க உனக்கு நல்ல உடம்பு வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ கதைப்பாய், நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு இருப்பேன், பிறகு உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். கடிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது. பண்ணையில் வேலை செய்த அன்ரனின் மகன் ஜெனிஸ்டன் உன் பக்கம் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கூடவே உம்மா கட்டித் தந்த பார்சல் ஒன்றும் வரும், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, சீனியும் குறையவில்லை, மருந்தை மறக்கிறாள், உனக்காக வளர்க்கும் கிடாய்க்கு இலை போட மட்டும் மறப்பதில்லை. இந்த இறால் பிடிபட்டால் டிக்கட் போட்டுவிடுவேன், வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று நீ அவளிடம் சொன்னாய் அல்லவா, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். இறால் செத்தது அவளுக்குத் தெரியும், அதனால் நீ வரமாட்டாய் என்பது இன்னும் அவளுடைய தலைக்குள் போகவில்லை. இப்படியே போனால் கிடாய் கிழடாகிவிடும். ஃபஸ்னா சோதனைக்குப் படிக்கிறாள், கூரை ஒழுகுகிறது, நான் ஏறிப் பார்க்கப் போனால் இரண்டு பேரும் கத்துகிறார்கள். நீ வெயிலில் தலையைக் காட்டாதே, தண்ணீர் குடி, தொழுகையை விடாதே. சரி, வீட்டுக் கதை போதும்.

நீ மர்ஸூக்கைத் துரத்திவிட்டாய். உன் பெண்சாதி ஷிம்லாவின் கூடப்பிறந்தவன், உன் பண்ணையைப் பொறுப்பெடுத்து நடத்தியவன், அவனைப் போனில் எப்படியெல்லாம் ஏசினாய் என்று அவளே வந்து உம்மாவிடம் அழுதுவிட்டுப் போனாள். அவன் இப்போது பாலாவியில் உப்பு மூடை ஏற்றுகிறானாம், பகலில் எங்கள் ஊர்ப் பக்கம் தலைகாட்டுவதில்லை. நீ பிடித்தது தப்பான ஆளை, மகன். அவன்மேல் இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே, எனக்கு அவனை அன்றும் பிடிக்காது இன்றும் பிடிக்காது, சாப்பிடுகிற வெள்ளைப் பீங்கானைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்கிறவனை எனக்கு எப்படிப் பிடிக்கும். ஆனால் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய அவனுக்குத் தெரியாது. செய்தது நான்.

எப்படி என்று விளங்க வேண்டுமானால் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ அங்கிருந்து கமெராவில் பார்த்துப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்ன அதே பச்சை. அது தண்ணீரின் நிறமில்லை, கண்ணுக்குப் பிடிபடாத பொடிப் பாசி. இலை செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, ஃபஸ்னா அதற்கு ஒளித்தொகுப்பு என்று பெயர் சொல்லுவாள். இலைக்கு வாயுமில்லை அடுப்புமில்லை, ஆனாலும் தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது, அதற்குள் இருக்கும் பச்சையம் வெயிலைப் பிடிக்கும், தண்ணீரையும் நாம் மூச்சோடு வெளியே விடும் காபனீரொட்சைட்டையும் சேர்த்துச் சீனியாக்கும், மிஞ்சுகிற ஒட்சிசனை வெளியே தள்ளும். அது வேண்டாம் என்று தள்ளுவதில்தான் நீயும் நானும் இறாலும் உயிரோடு இருக்கிறோம். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது மர்ஸூக்தான், சிலாபத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவன், வேலையாட்களை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வெயில் கூடினால் பாசி வேகமாகச் செய்யும் என்றான், ஆனால் எல்லை உண்டு, தண்ணீர் மிஞ்சிச் சுட்டால் சோர்ந்துவிடும், காபனீரொட்சைட்டு முடிந்தாலும் நின்றுவிடும். மழை இருட்டு என்றால் பாதிகூடச் செய்யாது. யூரியா போட்டால் பெருகும், அளவுக்கு மிஞ்சிப் பெருகினால் மேலே கிடப்பது கீழே கிடப்பதற்கு வெயிலை மறைக்கும், கீழே உள்ளது செத்து அழுகி, இருக்கிற ஒட்சிசனையும் தின்றுவிடும், அதைப் பார்க்கத்தான் அவன் பீங்கானை இறக்குவான், எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று. மற்றது இரவு. இரவில் பாசிக்குச் சமையல் இல்லை, மூச்சு விடுவது மட்டும் உண்டு. மாமா, பகல்ல பாசி நமக்கு மூச்சுத் தரும், ராவானா அதுவே நம்மட மூச்ச எடுக்கும், அதுக்குத்தான் இந்தச் சில்லு என்று சொன்னான், குளத்து நடுவில் நின்று தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்குமே அந்தச் சில்லைத்தான். விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்கு முந்தின நேரம்தான் தண்ணீரில் மூச்சு ஆகக் குறைவு என்றும் சொன்னான். மறந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வழியே வைக்கவில்லை, அவ்வளவு தெளிவாகச் சொன்னான்.

இப்போது நீ செய்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் நல்ல உச்சி வெயிலில் கரண்ட் போயிற்று, நான் பயந்துபோய் ஜெனரேட்டரைப் போட்டு பின்னேரம் அஸர் வரைக்கும் ஓட விட்டேன். மர்ஸூக் வந்து, இந்த வெயிலில் பாசியே போதிய மூச்சுத் தரும், எண்ணெயை வீணாக்கிவிட்டீர்கள் என்றான். சரி, எனக்கு விளங்கவில்லை, பிழை என்னுடையது. அவன் சொன்னதோடு முடிந்திருக்கும். நீ முடியவிடவில்லை. நீ கம்பத்தில் கட்டி வைத்த அந்தக் கமெராவுக்கு வாயும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வாப்பா, உங்களுக்கு விளங்காத வேலையில கைய வெக்க வாணாம், மர்ஸூக்கக் கேக்காம மெஷினத் தொட வாணாம், கதிரையில இரிங்க, அது போதும் என்று கம்பம் கத்தியது. நண்டு எடுக்க வந்தவர்கள் நின்றார்கள், அன்ரன் நின்றான், மர்ஸூக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அன்ரன் எனக்கு ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து தந்தான், இரக்கப்பட்டு. அந்தத் தேத்தண்ணீரைக் குடித்தேனே, அதை உனக்கு மன்னிக்க என்னால் இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு மழை வந்தது, வெயிலைக் காணாமல் நாள் போயிற்று, வானமும் களப்புத் தண்ணீரும் ஒரே சாம்பல். மர்ஸூக்கின் பெண்சாதிக்கு வலி எடுத்து அவன் புத்தளத்துக்கு ஓடவேண்டியதாயிற்று. போகும்போது முச்சக்கர வண்டியில் ஏறி, இறங்கி வந்து, திரும்பவும் ஏறி, மாமா, இண்டைக்கு ராவு சில்லு நிக்கவே கூடா, பாசி இண்டைக்கு ஒண்டும் செஞ்சிருக்காது, கரண்ட் போனா ஒடனே ஜெனரேட்டரப் போடுங்க, என்னைக் கேக்க வாணாம் என்றான். அன்ரனையும் காவலுக்கு நிற்கச் சொல்லியிருந்தான். அன்ரனை வீட்டுக்கு அனுப்பியது நான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அப்போது மனதில் ஒன்றும் இல்லை, தனியாக இருக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். இதை நீ நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு கரண்ட் போயிற்று. சில்லு நின்றது, கமெராவும் செத்தது. நீ பண்ணை தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஜெனரேட்டரை முடுக்கும் திறப்பு என் சாரத்து மடியில் இருந்தது. எழுந்து ஜெனரேட்டர் வரைக்கும் போனேன், கையையும் வைத்தேன், அப்போது உன் குரல் வந்தது, கதிரையில இரிங்க, அது போதும். போய் இருந்தேன். மர்ஸூக்குக்கு ஒரு அழைப்பு எடுத்தேன், ஒரு தடவை மணி அடித்ததும் வெட்டிவிட்டேன், எடுத்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அந்த அழைப்பைத்தான் அவன் போனில் வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுகிறான், மாமா எடுத்திரிக்கார், நான்தான் பாக்கல்ல, பிள்ளையக் கையில வெச்சிக்கிட்டு இரிந்துட்டன் என்று. அவனுக்குப் பெண்பிள்ளை. தன் பிள்ளை பிறந்த இரவை நினைத்தால் அவனுக்கு இனி வெட்கம்தான் வரும், அதைச் செய்ததும் நான்தான்.

விடிவதற்கு முன் இறால்கள் மேலே வந்தன. டோர்ச் அடித்துப் பார்த்தேன், கரை நெடுகிலும் வந்து ஒதுங்கி மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தன, கண்கள் சிவப்பாகப் பளபளத்தன. அப்போதும் நேரம் இருந்தது. திறப்பு மடியில்தான் இருந்தது. களப்பில் வலை போட்டு எவ்வளவோ உயிரைக் கொன்றவன் நான், ஆனால் சாகும்போது இப்படி என்னைப் பார்த்துக்கொண்டு எதுவும் சாகவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அடிக்குப் போயின. சுபஹு தொழுதேனா என்று கேட்காதே, தொழுதேன், அந்த வரம்பிலேயே தொழுதேன். விடிந்ததும் மேகம் விலகிக் கொஞ்சம் வெயில் விழுந்தது, பாசி தன் வேலையைத் தொடங்கிற்று, யார் செத்தால் அதற்கு என்ன. கரண்ட் வந்து கமெரா கண்ணைத் திறந்தபோது நீ பார்த்தது இதைத்தான்.

ஏன் என்று கேட்பாய். கோபம் மட்டும் என்று சொன்னால் உனக்கு லேசாக இருக்கும், எனக்கும் லேசாக இருக்கும். கோபம்தான், ஆனால் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு இன்னொன்றும் நினைத்தேன். இந்த இறால் பிடிபட்டால் நீ வந்துவிடுவாய், வந்தால் கம்பம் நிற்கும் இடத்தில் நீ நிற்பாய். தூரத்தில் இருக்கும்வரை நீ எனக்கு மகன், பக்கத்தில் வந்தால் முதலாளி. அப்படி ஒரு மகன் இன்னும் கொஞ்சக் காலம் அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தபடியே ஆயிற்று. நீ இன்னும் எத்தனை வருடம் அங்கே கிடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, அதைக் கணக்குப் பார்க்கும் தைரியமும் எனக்கில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைத்தால் திரும்ப ஒரு தடவை வாசி, அப்படி எங்கேயும் எழுதவில்லை.

இனி நீ செய்யவேண்டியது. மர்ஸூக்குக்குப் போன் எடுத்து நீயே சொல்லு, அந்த அழைப்பு ஒரே ஒரு தடவைதான் மணி அடித்தது, வாப்பாதான் வெட்டினார் என்று. நான் சொல்லமாட்டேன், அவன் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. உம்மாவிடம் நீ வரமாட்டாய் என்பதையும் நீதான் சொல்லவேண்டும், காரணத்தைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், சொன்னால் அவள் என்னோடு கதைப்பதை விட்டுவிடுவாள், அதையும் யோசித்துக்கொள். பார்சலில் இருப்பது கருவாடு இல்லை, காய்ந்த இறால். அன்றைக்குக் காலையில் பழுதாக முன் அள்ளியதை உம்மா கழுவி, உப்புப் போட்டு, முழங்கால் வலியோடு முற்றத்தில் இருந்து காகம் ஓட்டி வெயிலில் காயவைத்தாள், மகன் தன் குளத்து இறாலை ஒரு வாய் தின்னவில்லையே என்று. நல்ல வெயில், நன்றாகக் காய்ந்திருக்கிறது. சம்பல் போட்டுத் தின்னு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் சுகமும் தரட்டும், உன் பிள்ளைகள் உனக்கு உன்னைப் போல் ஆகாமலும் என்னைப் போல் ஆகாமலும் இருக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். குளத்தை இறைத்து வற்றவிட்டாயிற்று, அடிச் சேறு வெடித்துக் கிடக்கிறது, ஆனால் கமெராவைக் கழற்றவில்லை, இன்னும் வேலை செய்கிறது. இறால் செத்த நாளிலிருந்து நீ அதில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நான் அஸர் தொழுதுவிட்டு வந்து அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருக்கிறேன், பொழுதுபட்டு மஃரிபு வரை இருக்கிறேன். இதை வாசித்த பிறகு ஏசவேண்டும் என்றால் அந்த நேரத்தில் ஏசு. யார் நின்றாலும் பரவாயில்லை, சத்தமாகவே ஏசு.

இப்படிக்கு உன் வாப்பா,
உசனார்,
எத்தாளை.